விடு என்று சொல்லும் வரைக்கும்

பரிமளத்தின் வலது காலை இரண்டு பெண்கள் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கெண்டைக்கால் சதை சுருட்டிக்கொண்டு கல்லாக நின்றது. ஒருத்தி தைலம் போட்டாள். இன்னொருத்தி பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினாள். பரிமளம் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"நேத்துலருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. நரம்பு இழுக்காம என்ன செய்யும்?" என்றாள் காளியாயி. செத்தவரின் அக்கா. அடுத்த வீட்டுக்காரியும் அவள்தான். "நல்லா உருவி விடுங்கடி. தூக்குற நேரத்துல எந்திரிச்சு நிக்க வேணாமா அவ?"

கால் ஏன் இழுக்கிறது என்று பரிமளத்துக்குத் தெரியும். இந்த வீட்டில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

எதிரே பெட்டிக்குள் அவள் புருஷன் வீரய்யா வெள்ளைச் சட்டை போட்டுப் படுத்திருந்தார். உடலைப் பதப்படுத்திய மலர்ச்சாலைக்காரர்கள் என்னென்னவோ போட்டுத் தேய்த்திருப்பார்கள், ஆனாலும் நக இடுக்கில் கருப்பு கிரீஸ் அப்படியே இருந்தது. அறுபத்திரண்டு வயது. முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் தொரைமாருக்குக் கார் ஓட்டியவர். அந்தக் கைகளைக் கோத்து மார்மேல் வைத்திருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு. விளக்குக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் தேத்தண்ணி.

அந்த டம்ளரைத்தான் பரிமளத்தால் பார்க்க முடியவில்லை. காளியாயி வைத்தது. காலையிலிருந்து மூன்று தடவை ஆறியதைக் கொட்டிவிட்டுச் சூடாக மாற்றி வைத்துவிட்டாள். ஒப்பாரியிலும் அதைச் சேர்த்துவிட்டாள். பொண்டாட்டி ஊத்திக் கொண்டுவந்த தேத்தண்ணியை ஒரு வாய் குடிக்காமல் போனாயே தம்பி என்று அவள் பாட, சுற்றியிருந்த பெண்கள் எல்லாம் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

தேத்தண்ணியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பரிமளம் சொன்ன பொய் அது.

வீட்டு வாசலுக்கு வலது பக்கம், பாதையை ஒட்டித் தகரக் கொட்டகை. அதற்குள் கட்டைகள்மேல் நின்றது கார். கார் என்றால் ஊரில் ஓடுகிற கார்களைப் போல நினைத்துவிடக் கூடாது. இரண்டே பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. அறுபத்தேழாம் வருஷத்து எம்.ஜி. சிவப்பு நிறம். எந்தக் காலத்திலோ ஒரு தொரை ஓட்டி, பிறகு ஃபேக்டரி ஸ்டோரில் சாக்குகளுக்கு அடியில் கிடந்து, பழைய இரும்பாகப் போகவிருந்ததை வீரய்யா கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தார். வருஷத்தில் பாதி நாள் மழையும் மிச்ச நாள் பனியுமாகக் கிடக்கிற லிந்துலையில் கூரையில்லாத காரை வைத்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. "மழ விடுற அன்னிக்கு ஓட்டுவேன்" என்பார்.

பதினொரு வருஷம் அதைத்தான் கட்டி மேய்த்தார். டைனமோவைக் கழற்றிவிட்டு ஜப்பான் வேன் ஒன்றின் ஆல்டர்னேட்டரைப் பூட்டினார். நாலு கியர் பெட்டியை இறக்கி ஐந்து கியர் பெட்டி ஏற்றினார். இந்த வருஷம் பிரேக். முன் சக்கரங்களுக்குப் புதிய டிஸ்க், புதிய குழாய், எல்லாம் புதிது. "ஏத்தத்துல ஏறுறதுக்கு எந்த எஞ்சினும் ஏறும். நானுஓயா எறக்கத்துல நிக்கணும்ல" என்று விளக்கம் வேறு. சீட்டுகளுக்கு உறை தைத்தது பரிமளம். தன் தையல் மெஷினில் மூன்று ஊசி ஒடித்துத் தைத்தாள். பிரேக் முடிந்ததும் முதல் ஓட்டம் அவளோடுதான் என்று சொல்லியிருந்தார். நுவரெலியாவுக்குப் போய், மகள் கௌசி நேர்ஸ் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஹார்ன் அடிப்பதாகத் திட்டம். பதினொரு வருஷமாக ஓடாத காருக்கு ஹார்ன் மட்டும் முதல் வாரத்திலேயே வேலை செய்தது.

பிரேக் குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தடியில் படுத்து, குட்டித் திருகு ஒன்றை ஸ்பேனரால் திறந்து, எண்ணெயோடு காற்றை வெளியே விட்டு, திரும்ப மூட வேண்டும். மூடும் வரைக்கும் மிதித்த கால் எழும்பக் கூடாது. எழும்பினால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே வந்துவிடும். வேலை முழுவதும் பாழ். பரிமளத்துக்கு இது கோயில் மந்திரத்தைவிட நன்றாகத் தெரியும். "அமத்து… அமத்து… புடி." பிறகு, "விடு."

போன வாரம் ஒரு தடவை அவள் அவசரப்பட்டுக் காலை எடுத்துவிட்டாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது, அவ்வளவுதான். வீரய்யா காரடியிலிருந்து வெளியே வந்து ஆடிய ஆட்டத்தைப் பக்கத்து வீடுகள் எல்லாம் பார்த்தன. "நான் விடுன்னு சொன்னனா? சொன்னனா? வாயத் தொறந்து சொல்லாம ஒனக்கு எப்புடித் தெரியும்?" அன்றைக்கே அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்: இனி நீங்களாகச் சொல்வதற்கு முன்னால் காலை எடுத்தால் ஏனென்று கேளுங்கள்.

நேற்றுக் காலையில் சண்டை வேறு. கார்புரேட்டரைக் கழுவ அவளுடைய குழம்புச் சட்டியை எடுத்துவிட்டார். மண்சட்டியும் இல்லை, பழைய சட்டியும் இல்லை. கௌசி முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த சட்டி. அதில் பெட்ரோல். பரிமளம் சட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனால் வேலை நிற்குமா? பத்து மணி போலக் கொட்டகையிலிருந்து இரண்டு தடவை ஹார்ன் அடித்தார். வா என்று அர்த்தம். அவள் போய் ஏறி உட்கார்ந்து, வலது கால் செருப்பை மட்டும் பெடலடியில் கழற்றிப் போட்டாள். வெறும் காலால் மிதித்தால்தான் காற்று நிற்பது தெரியும் என்று அவர்தான் பழக்கியிருந்தார்.

மற்ற மூன்று சக்கரமும் முடிந்துவிட்டன. முன் இடது சக்கரத்தில்தான் காற்று பிடிவாதமாக நின்றது. வீரய்யா அந்தப் பக்கம் காரடியில் போய்ப் படுத்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் காரின் நீளமான சிவப்பு மூக்கும் தகரச் சுவரும்தான் தெரியும். சுவரில் தொங்கிய ரேடியோவில் பகல் செய்தி ஆரம்பித்தது.

"அமத்து" என்றார். அமத்தினாள். "அமத்து." அமத்தினாள். "புடி."

பிடித்தாள். அவர் திருகைத் திறந்தார். பெடல் மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. கீழே ஸ்பேனர் சிமெந்தில் விழுந்த சத்தம் கேட்டது. கை தவறி விழுந்திருக்கும், எடுத்து மூடிவிட்டுச் சொல்வார் என்று நினைத்தாள்.

சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. முதலில் யார் பேசுவது என்று காலையிலிருந்து நடக்கிற போட்டியில் தான் ஏன் தோற்க வேண்டும் என்று இருந்தாள். வேண்டுமென்றே சோதிக்கிறார் என்றும் நினைத்தாள். போன வாரம் எடுத்தாயே, இந்த வாரம் எவ்வளவு நேரம் பிடிக்கிறாய் பார்ப்போம் என்று கிடக்கிறார். சரி, பார்க்கட்டும். எனக்கும் பிடிக்கத் தெரியும். அப்படி நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

செய்தியில் யார் யாரோ பேசினார்கள். விலைவாசி வந்தது, கிரிக்கெட் வந்தது, மலையகத்தில் மாலையில் மழை பெய்யலாம் என்றார்கள். கால் நடுங்க ஆரம்பித்தது. இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டு பிடித்தாள். செய்தி முடிந்தது. சோப்பு விளம்பரம் ஒன்று முடிந்து இன்னொன்று வந்தபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"விடட்டுமா?"

பதில் இல்லை.

"ஏங்க, விடட்டுமான்னு கேக்குறேன்ல?"

அப்போதும் காலை எடுக்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து, எட்டி, மறுபடி கூப்பிட்டாள். கூப்பிட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. பிறகுதான் காலை எடுத்துவிட்டு ஓடினாள்.

அலறல் கேட்டு முதலில் வந்தவள் காளியாயி. "எப்புடிடி? எப்படிம்மா ஆச்சு?" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தேத்தண்ணி கொண்டாந்தேன்… பாத்தா…" என்றாள் பரிமளம். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வந்துவிட்டது. பிற்பகல் மரண விசாரணை அதிகாரி வந்து, இதய வருத்தத்துக்கு அவர் மருந்து எடுத்த கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் அம்மா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். அவருக்கும் அதையே சொன்னாள். அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதிய பிறகு அது அவள் கையை விட்டுப் போய்விட்டது.

நேற்றுச் சாயங்காலமே கௌசி வந்து இறங்கினாள். வேலை உடுப்போடு வந்தவள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் எழும்பவில்லை. அழுது முடித்ததும் அவளும் அதைத்தான் கேட்டாள். நேர்ஸ் இல்லையா, கேட்காமல் இருப்பாளா?

"எத்தன மணிக்கும்மா?"

"செய்தி முடிஞ்ச பொறகு. தேத்தண்ணி கொண்டு போனேன்."

கௌசி அவள் முகத்தையே பார்த்தாள். "அந்த நேரத்துலயா? அப்பா சோறு திங்கிற நேரமாச்சே."

"கேட்டாருடி. கேட்டா ஊத்திக் குடுக்க மாட்டனா?" என்று பரிமளம் எரிந்து விழுந்தாள். கௌசி அதற்கு மேல் கேட்கவில்லை.

பரிமளத்துக்குப் பயம் மகளிடத்தில்தான். ஊர் என்ன சொன்னாலும் தாங்கலாம். ஆனால் இதயம் நின்ற மனுஷனுக்கு எத்தனை நிமிஷத்துக்குள் என்ன செய்யலாம் என்று இந்த வீட்டில் தெரிந்தவள் கௌசி ஒருத்திதான். நெஞ்சில் கை வைத்து அமுக்குவது எப்படி என்று ஒரு தடவை தலையணையை வைத்துக் காட்டித் தந்தவளும் அவள்தான். "ஒடனே செய்யணும், அதுலதான் இருக்கு" என்று சொல்லியிருந்தாள். வீரய்யாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தலையணைக்கு உயிர் வந்துவிட்டது என்று கேலி செய்தார்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னாள் கௌசி. ஆஸ்பத்திரியில் யாராவது செத்தால் சொந்தக்காரர்கள் கேட்பார்களாம், கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. "நீ என்னா சொல்லுவ?" என்று கேட்டார் வீரய்யா. "என்னா சொல்றது? இல்ல, ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னுதான் சொல்லுவேன். யாரா இருந்தாலும் அதத்தான் சொல்லுவேன். உசுரோட இருக்கறவங்க வீட்டுக்குப் போய்ச் சோறு திங்கணும்லப்பா." வீரய்யா தலையை ஆட்டினார். "அதுவும் சரிதான்" என்றார்.

இன்று காலை பதினொரு மணி போலத்தான் கார் பேச்சு வந்தது. கட்டையில் நின்ற கார் பின்பக்கத்தை வெளியே நீட்டிக்கொண்டு பாதிப் பாதையை அடைத்திருந்தது. மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்க வேண்டும். தோளில் பெட்டியோடு ஆறு பேர் அந்த இடத்தில் திரும்ப முடியாது. ஒரு பக்கம் காளியாயியின் சுவர், மறுபக்கம் பள்ளம். காரை இறக்கி ரோட்டோரத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று முடிவானது.

"பத்துப் பேரு புடிச்சாத் தூக்கிரலாம்" என்றான் ஒருவன்.

"தூக்குவ. எறக்கத்துல ஓடுனா யாரு புடிப்பா? ஹேன்ட் பிரேக் கேபிளையும் அண்ணன் கழட்டி வச்சிருக்காரு" என்றான் சோலைமலை.

சோலைமலை தலவாக்கலையில் கராஜ் வைத்திருப்பவன். வீரய்யாவை அண்ணன் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கார் வேலையில் பாதியைச் செய்து, மிச்சப் பாதியில் சண்டை பிடித்துவிட்டுப் போவான். நேற்று ராத்திரி வந்ததிலிருந்து கொட்டகைப் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றவன், இப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனான்.

பரிமளம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகக் கொட்டகை நேராகத் தெரிந்தது. சோலைமலை முன் இடது சக்கரப் பக்கம் குனிந்தான். குனிந்தவன் நெடுநேரம் எழும்பவில்லை. அங்கே என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியும். திறந்த திருகு. திருகிலிருந்து போத்தலுக்குப் போகும் குழாய். ஸ்பேனர். பிறகு அவன் எழுந்து இந்தப் பக்கம் வந்து, காருக்குள் எட்டிப் பெடலடியில் கையை விட்டு ஒன்றை எடுத்தான்.

நீல ரப்பர் செருப்பு. வலது கால் செருப்பு.

நேற்று அதைப் போடாமல் ஓடியவள், இன்று வரைக்கும் அதைத் தேடவே இல்லை. சோலைமலை செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீட்டைப் பார்த்தான். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் எடுத்த இடத்திலேயே செருப்பை வைத்துவிட்டு வந்து, பெட்டியருகில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"பாப்பா, ஒரு நிமிசம் வர்றியா?" என்று கௌசியைக் கூப்பிட்டான்.

"என்னா சித்தப்பா?"

"பிரேக்குல கொஞ்சம் வேல மிச்சம் இருக்கு. அத முடிச்சாத்தான் கார எறக்கலாம்." சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். "பெடல் மிதிக்க ஒரு ஆள் வேணும். ஒத்த ஆளு செய்யுற வேலயில்ல அது."

கௌசி எழுந்தாள். கொட்டகைக்கு அவன் பின்னால் போனாள். ஜன்னலுக்கு அப்பால் அவன் கீழே காட்டுவதும், கௌசி குனிந்து பார்ப்பதும், பிறகு காருக்குள் பார்ப்பதும் தெரிந்தன. செருப்பை அவள் தொடவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காளியாயி புதுத் தேத்தண்ணி டம்ளரைக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்தாள்.

கௌசி திரும்பி வந்தாள். கால் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கெண்டைக்காலில் எந்த இடம் பிடித்திருக்கிறது என்று விரலால் தேடிக் கண்டுபிடித்து அமுக்கினாள். பரிமளத்துக்கு உயிர் போனது.

"எவ்வளவு நேரம்மா?" குனிந்த தலை நிமிராமல், யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

பொய் சொல்லலாம். இன்னும் ஒரு பொய்யில் என்ன ஆகிவிடப் போகிறது? ஆனால் தலைமாட்டில் ஆவி பறந்துகொண்டிருந்த அந்த டம்ளரைப் பார்த்ததும் பரிமளத்துக்கு வாய் வரவில்லை.

"செய்தி தொடங்குறப்ப புடின்னாரு" என்றாள். "முடியற வரைக்கும் புடிச்சிருந்தேன்."

கௌசியின் கை நின்றது.

"சட்டிய எடுத்துட்டாருன்னு பேசாம இருந்தேன்டி. விடுன்னு அவரு சொல்லல. சொல்லாம எப்புடி விடுறது? போன வாரந்தான் அந்த ஏச்சு ஏசுனாரு. நான் புடிச்சுக்கிட்டே இருந்தேன். அங்க அவரு…" குரல் எழும்பியது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஒப்பாரி என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கௌசி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு மறுபடி காலைப் பிடித்துவிட ஆரம்பித்தாள்.

"இல்லம்மா. ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றாள்.

அதே வார்த்தை. வரிசை மாறாமல் அதே வார்த்தை. நிஜமாகவே முடியாதா, இல்லை அம்மா வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன வேண்டும் என்பதற்காகவா? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. எப்படி இருந்தாலும் கௌசி இதைத்தான் சொல்லியிருப்பாள்.

"ஆஸ்பத்திரில சொல்ற மாதிரி எங்கிட்டச் சொல்லாத."

கௌசியின் கண்ணீர் பரிமளத்தின் புறங்காலில் சொட்டியது. கெண்டைக்காலைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சதை இளகியது.

வெளியே சோலைமலை யாரையோ அதட்டினான். "நீ வேணாம்ப்பா, நீ ஒரே மிதியா மிதிப்ப. பதமா மிதிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்."

பரிமளம் தரையில் கையை ஊன்றி எழுந்தாள்.

"எங்கடி போற?" என்றாள் காளியாயி.

"பெடல் மிதிக்க."

"ஆத்தாடி! என்னாடி பேசுற? புருசன் பெட்டில கெடக்கான், நீ போய்க் கார்ல ஏறுவியா? பாக்கறவங்க என்னா சொல்லுவாங்க?"

"மூணு சக்கரம் நாந்தான் மிதிச்சேன். இதையும் நானே மிதிச்சிட்டு வந்துர்றேன்." காளியாயிக்குப் புரியவில்லை. புரிய வைக்க இப்போது நேரமும் இல்லை. கண்ணீர் வழிய நொண்டிக்கொண்டே பரிமளம் விளக்கருகில் போனாள். அந்தத் தேத்தண்ணியை எடுத்து, வாசலில் இறங்கி, ஓரத்துச் சாக்கடைக் கானில் ஊற்றினாள். டம்ளரைக் கல்லின்மேல் கவிழ்த்து வைத்தாள். "அவரு தேத்தண்ணி கேக்கல" என்றாள், பொதுவாக எல்லாருக்குமாக. வாசலில் நாற்காலிகளில் இருந்த ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தப்படிக்கிறவர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சோலைமலை ஒன்றும் கேட்காமல் கார்க் கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். தான் தைத்த உறை. இடது பக்கத் தையலில் ஓர் இடம் கோணியிருந்தது. ஓட்டுகிறவனுக்கு அது தெரியாது என்று அன்றைக்கு வீரய்யா சமாதானம் சொன்னார். முன்னால் அதே சிவப்பு மூக்கு, அதே தகரச் சுவர். ரேடியோவை யாரோ நிறுத்தியிருந்தார்கள். சோலைமலை முதலில் திருகை மூடினான். காரின் மூக்கு மூடியைத் தூக்கிப் பிரேக் எண்ணெய் ஊற்றினான். தூக்கிய மூடி அவள் கண்ணை மறைத்தது. அதற்கு அப்பால் அவன் காரடியில் நுழைந்து படுக்கும் சத்தம் கேட்டது.

"அமத்துங்க மதினி."

அமத்தினாள். பெடல் தொளதொளவென்று இறங்கியது. உள்ளே நிறையக் காற்று. நேற்று அவள் காலை எடுத்தபோது போனது.

"அமத்துங்க… அமத்துங்க… புடிங்க."

பிடித்தாள். திறந்தான். போத்தலுக்குள் குமிழி விட்டது. பெடல் தரையைத் தொட்டது. மூடினான். "விடுங்க." விட்டாள். இப்படி ஏழெட்டுத் தடவை. வரவரக் குமிழி குறைந்தது. பெடல் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. கொட்டகை வாசலில் கூட்டம் கூடியிருந்தது. பனி இறங்கி மேல் தேயிலை மலையை மறைத்துவிட்டது.

"கடைசி ஒண்ணு மதினி. அமத்துங்க… அமத்துங்க… புடிங்க."

பிடித்தாள். பெடல் இறங்கியது. குமிழிச் சத்தம் இல்லை. சுத்தமாக எண்ணெய் மட்டும் போனது. திருகு இறுகும் சத்தம் கேட்டது.

"விடுங்க."

கால் எழும்பவில்லை.

"மூடிட்டேன் மதினி. விடுங்க."

கேட்டது. அவன் மூடிவிட்டான் என்று தெரியும். வேலை முடிந்தது என்று தெரியும். இந்தக் கால் எழும்பினால் இனி இந்தக் காருக்கு அவளை மிதிக்கச் சொல்ல ஆள் கிடையாது என்றும் தெரியும். விடு என்று சொல்ல வேண்டியவர் வீட்டுக்குள் கையைக் கோத்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு கைகளாலும் முழங்காலை அமுக்கிக்கொண்டு தகரச் சுவரையே பார்த்தபடி பரிமளம் உட்கார்ந்திருந்தாள். நேற்றுப் போலவே தொடை நடுங்கியது.

சோலைமலை மூன்றாம் தடவை சொல்லவில்லை. காரடியிலிருந்து வெளியே வந்து, கையில் ஸ்பேனரோடு சும்மா நின்றான்.

கௌசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். திறந்த கதவருகில் மண்ணில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக முழங்காலிலிருந்து பிரித்துவிட்டாள். பிறகு உள்ளே குனிந்து, இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்து, பெடலிலிருந்து பாதத்தைத் தூக்கினாள். பெடல் மெல்ல மேலே வந்தது.

சோலைமலை எட்டிக் கையால் அதை அமுக்கிப் பார்த்தான். அது பாதி தூரம்கூடப் போகவில்லை.

"பிரேக் நிக்கிது மதினி" என்றான்.

பெடலடியில் கிடந்த செருப்பை எடுத்து, கௌசி அந்தக் காலில் மாட்டிவிட்டாள்.